வெப்பமும் வெப்பநிலையும்: நீர் உறை கொண்ட எஞ்சின் வெளியேற்றுக் குழாய்களின் கணினி உருவகப்படுத்தல் – ஓர் அறிவியல் தமிழ் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கப்பல் எஞ்சின்களில் புகை வெளியேறும் கிளைக்குழாய்கள் பல நீர் உறையால் குளிர்விக்கப்படுகின்றன. அவற்றினுள் நிகழும் பாய்வையும் வெப்பப் பரிமாற்றத்தையும் கணினியில் உருவகப்படுத்தி, உலோகச் சுவரின் வெப்பநிலையை முன்கூட்டியே கணிப்பது இன்றைய வடிவமைப்பு முறையின் ஒரு பகுதி. இத்தகைய கணக்கீட்டில் மொத்த வெப்பம் சோதனையோடு ஒத்துப்போவது, சுவரின் வெப்பநிலையும் சரியாகக் கணிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது என்பதை இக்கட்டுரை எளிய கணக்குகளின் வழி நிறுவுகிறது. அதன் தொடர்ச்சியாக, வெப்பம், வெப்பநிலை என்னும் இரு சொற்களைத் தமிழில் பிரித்தாள வேண்டிய தேவையையும், உருவகப்படுத்தல் என்னும் கலைச்சொல் தோற்றுவிக்கும் பொருள் மயக்கத்தையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வெப்பப் பாயம், வெப்பநிலை, நீர் உறை, கொந்தளிப்பு, குமிழிக் கொதிப்பு, உருவகப்படுத்தல், உவமை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கோடைக்காலச் செய்திகளில் வெப்பம் இத்தனை டிகிரி எனப் பதிவானதாக எழுதுவது தமிழ் இதழ்களின் இயல்பான வழக்கு. பள்ளி அறிவியல் நூல்களோ வெப்பத்தை ஆற்றலின் ஒரு வடிவம் என்றும், வெப்பநிலையை ஒரு பொருள் எந்த அளவு சூடாக உள்ளது என்பதன் அளவீடு என்றும் பிரித்துக் கூறுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பின்னரே வெப்பவியல் ஓர் அளவைசார் அறிவியலாக வளர்ந்தது. நாள்தோறும் வழங்கும் மொழியில் இம்மயக்கத்தால் தீங்கொன்றும் நேர்வதில்லை. பொறியியல் கணக்கீட்டில் அது ஓர் உறுப்பின் உடைவுக்கே வழிவகுக்கலாம். நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் வெளியேற்றுக் குழாய் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அங்கு வெப்பம் குறைந்து வெப்பநிலை உயரும் இடங்களும் உண்டு. இரண்டும் சேர்ந்து குறையும் இடங்களும் உண்டு.

உறுப்பும் அதன் பணியும்

பட்டறைகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எனப்படும் உறுப்பு இங்கு வெளியேற்றுக் கிளைக்குழாய் எனக் குறிக்கப்படுகிறது. எஞ்சினின் பல உருளைகளிலிருந்து வெளிப்படும் எரிந்த வாயுவை ஒன்றுசேர்த்து வெளியே செலுத்துவது இதன் பணி. டீசல் எஞ்சினில் இவ்வாயுவின் வெப்பநிலை பொதுவாக 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் முழுச் சுமையின்போது 900 டிகிரியையும் தாண்டும்.

தரையில் ஓடும் ஊர்தியில் இக்குழாயை எதிர்க்காற்று ஓரளவு குளிர்விக்கிறது. கப்பலின் எஞ்சின் அறை மூடுண்ட இடம். அங்கு எரிபொருள் குழாயில் கசிவு நேர்ந்து, சூடான பரப்பின் மீது எண்ணெய் தெறித்தால் தீ மூளும். ஆகவே, சோலாஸ் எனச் சுருக்கமாக வழங்கும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை, எரிபொருள் அமைப்பு பழுதுற்றால் எண்ணெய் படக்கூடிய, 220 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட பரப்புகள் உரியவாறு காப்பிடப்பட வேண்டும் என விதிக்கிறது. இவ்வரம்புக்குள் நிற்பதற்கான வழிகளுள் ஒன்று, குழாயை இரட்டைச் சுவராக வார்த்து, இடைவெளியில் நீரைச் செலுத்துவது. அந்த இடைவெளியே நீர் உறை.

மிகுதியாகக் குளிர்விப்பதும் குறையே. வாயு இழக்கும் ஆற்றல் டர்போசார்ஜரின் சுழலிக்குக் கிடைக்காமல் போகிறது. சுவர் மிகவும் குளிர்ந்தால் வாயுவிலுள்ள நீராவியும் கந்தக அமிலமும் அதன்மேல் படிந்து அரிக்கின்றன. எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுவது, சுவரை எந்த வெப்பநிலையில் நிறுத்துவது என்பன வடிவமைப்பாளர் தனித்தனியே விடை காண வேண்டிய இரு வினாக்கள்.

மூன்று பொருள்களும் இரண்டு எல்லைகளும்

சூடான வாயு, வார்ப்பிரும்புச் சுவர், குளிர்விக்கும் நீர் என மூன்று பொருள்கள் இங்கு அடுத்தடுத்து உள்ளன. வாயுவிலிருந்து சுவருக்கு வெப்பச்சலனத்தாலும், சுவரினுள் வெப்பக்கடத்தலாலும், சுவரிலிருந்து நீருக்கு மீண்டும் வெப்பச்சலனத்தாலும் வெப்பம் செல்கிறது. கதிர்வீச்சின் பங்கும் உண்டு. குறுகிய குழாயில் டீசல் வாயுவைப் பொறுத்தவரை அது சிறிது.

சுவரின் வெப்பநிலை தெரிந்தால் வாயுப் பக்கத்தைத் தனியே கணக்கிடலாம். நீர்ப் பக்கத்தையும் தனியே கணக்கிடலாம். ஆனால் கண்டறிய வேண்டியதே சுவரின் வெப்பநிலைதான். அது இரு பக்கப் பாய்வுகளும் சேர்ந்து தீர்மானிக்கும் அளவு. எனவே மூன்று பொருள்களின் சமன்பாடுகளையும் ஒருங்கே தீர்க்க வேண்டும். அவற்றை இணைப்பவை எல்லை நிபந்தனைகள் இரண்டு: எல்லையின் இருபுறமும் வெப்பநிலை ஒன்றாக இருக்க வேண்டும், ஒருபுறத்திலிருந்து வந்த வெப்பம் முழுவதும் மறுபுறம் செல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டில் பெரல்மான் இத்தகைய சிக்கல்களை இணைந்த சிக்கல்கள் எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். அதனால் இம்முறை இணை வெப்பப் பரிமாற்றக் கணக்கீடு எனப்படுகிறது. இரு நிபந்தனைகளில் ஒன்று வெப்பநிலையைப் பற்றியது, மற்றொன்று வெப்பத்தைப் பற்றியது என்பது கருதத்தக்கது.

கணினி தீர்க்கும் முறை

பாய்வை நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளும், திண்மத்தினுள் வெப்பக்கடத்தலை ஃபூரியே 1822இல் வெளியிட்ட விதியும் ஆள்கின்றன. வளைவும் கிளையும் மிகுந்த குழாயில் இவற்றை நேரடியாகத் தீர்க்க இயலாது. ஆகவே வாயு, உலோகம், நீர் ஆகிய மூன்றின் இடமும் பல இலட்சம் சிறு கனக்கூறுகளாகப் பகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூறிலும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் வரவும் செலவும் சமப்படும்வரை கணினி மீண்டும் மீண்டும் திருத்திக் கணக்கிடுகிறது.

பாய்வு கொந்தளிப்பானது. அதன் மிகச் சிறிய சுழல்கள் அனைத்தையும் கணக்கிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ரெனால்ட்ஸ் 1895இல் காட்டிய வழியில் சராசரிப் பாய்வை மட்டும் தீர்த்து, கொந்தளிப்பின் விளைவை ஒரு மாதிரியால் ஈடுசெய்வதே வழக்கம். லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974இல் விளக்கிய கே–எப்சிலான் மாதிரியும், மென்ட்டர் 1994இல் வெளியிட்ட எஸ்எஸ்டி மாதிரியும் பெரிதும் வழங்குவன.

சுவரை ஒட்டிய மெல்லிய படலமே வெப்பக் கணக்கின் திறவுகோல். பிராண்டில் 1904இல் விளக்கிய எல்லை அடுக்கு இது. பாய்வின் வேகம் சுவரில் சுழியாகி, சிறிது தொலைவுக்குள் முழு அளவை எட்டுகிறது. வெப்பநிலையும் அவ்வாறே செங்குத்தாக மாறுகிறது. சுவரை அடுத்த கனக்கூறு தடித்திருந்தால் இம்மாற்றம் கணினிக்குப் புலப்படாது. அப்போது அனுபவ வாய்பாட்டைச் சார வேண்டும். நேரான குழாயிலும் தட்டையான பரப்பிலும் பெற்ற அவ்வாய்பாடு, வாயு வளைவில் மோதித் திரும்பும் இடத்திலும் சுவரைவிட்டுப் பிரியும் இடத்திலும் பொருந்துவதில்லை. வெளியேற்றுக் கிளைக்குழாயில் அத்தகைய இடங்களே மிகுதி.

ஓர் எளிய கணக்கு

இக்கணக்கீட்டின் உள்ளியல்பைத் தாளில் போடும் கணக்கே காட்டிவிடும். வாயுவின் வெப்பநிலை 600 °செ, நீரின் வெப்பநிலை 90 °செ, சுவரின் தடிமன் 6 மி.மீ., வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு டிகிரி ஒன்றுக்கு 45 வாட் எனக் கொள்ளலாம். வெப்பப் பரிமாற்றக் குணகம் வாயுப் பக்கம் 150, நீர்ப் பக்கம் 3,000 என்க. இவற்றின் அலகு ஒரு சதுர மீட்டருக்கு டிகிரி ஒன்றுக்கு வாட். மூன்று தடைகளையும் கூட்டி, 510 டிகிரி வேறுபாட்டை அக்கூட்டுத்தொகையால் வகுத்தால் வெப்பப் பாயம், அதாவது ஒரு சதுர மீட்டரைக் கடக்கும் வெப்ப வீதம், கிடைக்கும்.

இயல்பு நிலையில் வெப்பப் பாயம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 71,500 வாட். சுவரின் வெப்பநிலை வாயுப் பக்கம் 123 °செ, நீர்ப் பக்கம் 114 °செ. மொத்தத் தடையில் 93 விழுக்காடு வாயுப் பக்கத்தில் உள்ளது. 600 டிகிரி வாயு உரசிச் செல்லும் சுவர் 123 டிகிரியில் நிற்பதன் காரணம் இதுவே. இனி ஒவ்வொரு நிபந்தனையாக மாற்றிப் பார்க்கலாம்.

1. நீர் உறையின் ஒரு மூலையில் நீர் தேங்கி, அங்குக் குணகம் 500 ஆகக் குறைகிறது: வெப்பப் பாயம் 58,000 வாட், நீர்ப் பக்கச் சுவர் 206 °செ.
2. நீர்ப் பக்கத்தில் 1 மி.மீ. உப்புப் படிவு, கடத்துத்திறன் 1 எனக் கொண்டால்: வெப்பப் பாயம் 62,700 வாட், நீரை நோக்கிய உலோகப் பரப்பு 174 °செ.
3. வாயுப் பக்கத்தில் 0.5 மி.மீ. புகைக்கரிப் படிவு, கடத்துத்திறன் 0.1 எனக் கொண்டால்: வெப்பப் பாயம் 42,000 வாட், நீர்ப் பக்கச் சுவர் 104 °செ.
4. வளைவில் வாயு நேராக மோதும் இடத்தில் வாயுப் பக்கக் குணகம் 500 ஆக உயர்கிறது: வெப்பப் பாயம் 2,06,800 வாட், நீர்ப் பக்கச் சுவர் 159 °செ.

முதல் நிலையில் வெப்பம் 19 விழுக்காடே குறைகிறது. சுவரின் வெப்பநிலையோ 92 டிகிரி உயர்கிறது. மூன்றாம் நிலையில் வெப்பம் 41 விழுக்காடு குறைகிறது. வெப்பநிலையும் சற்றுக் குறைகிறது. நான்காம் நிலையில் இரண்டும் உயர்கின்றன. ஒன்றின் மாற்றத்தைக் கொண்டு மற்றதன் மாற்றத்தை ஊகிக்க இயலாது என்பது தெளிவு. சுவர் சூடேறியது என்பதை வெப்பம் மிகுந்தது எனத் தமிழில் எழுதினால், முதல் நிலையைப் பொறுத்தவரை அது நேர் எதிரான கூற்றாகிவிடும்.

மொத்தக் கணக்கில் மறையும் பிழை

சோதனைக்கூடத்தில் எளிதில் அளக்கக்கூடியது நீர் ஏற்கும் மொத்த வெப்பம். நீரின் பாய்வு வீதத்தையும், நுழைவிலும் வெளியேற்றத்திலும் அதன் வெப்பநிலையையும் அளந்தால் போதும். கணினி தரும் மொத்த வெப்பம் இதனோடு ஒத்திருந்தால் உருவகப்படுத்தல் சரிபார்க்கப்பட்டதாகக் கருதும் போக்கு உண்டு.

மேற்கண்ட குழாயின் பரப்பு 0.5 ச.மீ., நீரின் பாய்வு நொடிக்கு 1.5 கிலோ எனக் கொண்டால், நீர் ஏறத்தாழ 36 கிலோவாட் வெப்பத்தை ஏற்று 5.7 டிகிரி சூடேறும். பரப்பில் 5 விழுக்காட்டில் மட்டும் நீர் தேங்குகிறது; கணினி அதைக் கண்டறியத் தவறுகிறது என்க. அவ்விடத்தில் வெப்பம் 19 விழுக்காடு குறைந்தால் மொத்தத்தில் குறைவது ஏறத்தாழ 1 விழுக்காடு. நீரின் வெப்பநிலை உயர்வில் அது 0.05 டிகிரி வேறுபாடாகவே தோன்றும். பரவலாகப் பயன்படும் வெப்ப இரட்டைகளின் பிழை வரம்பே ஒரு டிகிரிக்கு மேற்பட்டது. ஆகவே, சுவரின் ஓரிடத்தில் 92 டிகிரிப் பிழை இருக்க, மொத்த வெப்பம் சோதனையோடு முற்றும் ஒத்துப்போகும். வார்ப்பிரும்பில் விரிசல் தோன்றுவது அந்த ஓரிடத்தில்தான். அங்குச் சூடேறி விரியும் உலோகத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் தடுக்கிறது. எஞ்சின் இயங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் இத்தகைவு மீள்கிறது.

துடிப்பும் சராசரியும்

வாயு சீராகப் பாய்வதில்லை. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்றுகள் சுழலும்போது, ஓர் உருளையிலிருந்து நொடிக்கு 12.5 முறை வாயு பீறிட்டு வெளிப்படுகிறது. இத்துடிப்பினால் வார்ப்பிரும்பில் ஏற்படும் வெப்பநிலை அலைவு அரை மில்லிமீட்டர் ஆழத்திலேயே பெரிதும் தணிகிறது. சுவர் முழுவதும் சீரான நிலையை அடையப் பல நொடிகள் தேவை. எனவே உலோகத்திற்கு ஒரு சுழற்சியின் சராசரி மதிப்புகளைத் தருவது முறையே.

எந்தச் சராசரி என்பதில்தான் பிழை நுழைகிறது. சுழற்சியின் பாதியில் வாயு 800 °செ வெப்பநிலையில் விரைந்து பாய்ந்து குணகம் 300 ஆகவும், மறுபாதியில் 400 °செ வெப்பநிலையில் மெல்ல நகர்ந்து குணகம் 50 ஆகவும் உள்ளதாகக் கொள்ளலாம். வெப்பநிலையின் எளிய சராசரி 600 °செ. ஆனால் வாயு சூடாக உள்ள பொழுதே அது சுவரோடு மிகுதியாக உறவாடுகிறது. குணகத்தை எடையாகக் கொண்டு கணக்கிட்டால் சுவர் உணரும் வாயு வெப்பநிலை 743 °செ. எளிய சராசரி 143 டிகிரி குறைத்துக் காட்டுகிறது. சீரான பாய்வைக் கொண்டு செய்யும் உருவகப்படுத்தல்கள் சுவரைக் குளிர்ச்சியாகக் காட்டுவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

கொதிப்பு

முதல், நான்காம் நிலைகளில் நீர்ப் பக்கச் சுவர் நீரின் கொதிநிலையைக் கடந்துவிடுகிறது. 2 பார் முழு அழுத்தத்தில் நீர் 120 °செ அளவில் கொதிக்கும். ஆகவே மேலே பெற்ற 206 °செ என்னும் விடை கொதிப்பைக் கருதாத விடை. உண்மையில் சுவரில் சிறு குமிழிகள் தோன்றிப் பிரியும். இக்குமிழிக் கொதிப்பு வெப்பத்தை மிக விரைவாக எடுத்துச் செல்வதால், சுவர் கொதிநிலையைவிடச் சில பத்து டிகிரிகளுக்குள் நின்றுவிடும். கொதிப்பு மாதிரி இல்லாத கணக்கீடு இங்குச் சுவரை மிகச் சூடாகக் காட்டுகிறது.

குமிழிகள் வெளியேற வழியில்லாத மேட்டுப் பகுதியில் நிலைமை வேறு. அங்கு நீராவி தேங்கினால் நீர் சுவரைத் தொடுவதே நின்றுபோகும். குணகம் 50 ஆகக் குறைந்தால் வெப்பப் பாயம் 19,000 வாட்டாகக் குறைந்து, சுவரின் வெப்பநிலை 470 °செ அளவை எட்டும். மிகச் சூடான பரப்பில் விழுந்த நீர்த்துளி தன் ஆவியின் மேல் மிதந்து நெடுநேரம் நிலைப்பதை லைடன்ஃபிராஸ்ட் 1756இல் விளக்கினார். கொதிப்பின் படிநிலைகளை ஒரே வளைகோட்டில் நுகியாமா 1934இல் காட்டினார். அவர்கள் கண்டதும் இத்தகைய ஆவிப் படலத்தின் வெப்பத் தடையே. கொதிப்பு முதலில் சுவரைக் காக்கிறது. ஆவி தேங்கினால் அதுவே சுவரைக் கெடுக்கிறது. நீர் உறையின் உச்சியில் ஆவி வெளியேற ஒரு துளை அமைப்பது பல நாள் கணக்கீட்டைவிடப் பயன்தரும் இடம் இது. அத்துளை எங்கு வேண்டும் என்பதைக் காட்டுவதே உருவகப்படுத்தலின் சிறந்த பயன்.

உருவகமா, உவமையா?

சிமுலேஷன் என்பதற்குத் தமிழில் உருவகப்படுத்தல் என்னும் சொல் பரவலாக வழங்குகிறது. அணியிலக்கண மரபில் உருவகம் என்பது உவமானத்தையும் உவமேயத்தையும் வேறு எனக் கருத இடமின்றி இணைத்துக் கூறுவது. கணினி தரும் விடைக்கு இப்பெயர் பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது. கணினியிலுள்ள குழாயும் வார்ப்பிரும்புக் குழாயும் எப்போதும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றைப் போன்றது என்று மட்டுமே கூறலாம். எவ்வகையில் போன்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவ்வகையில் இது உவமைக்கே நெருங்கியது.

தொல்காப்பிய உவமவியல் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படைகளைக் கூறுகிறது. உரையாசிரியர் மரபில் மெய் என்பது வடிவையும் உரு என்பது நிறத்தையும் குறிக்கும். தொல்காப்பியர் கணினிக் கணக்கீட்டை முன்னுணர்ந்தார் எனக் கூறுவது பொருந்தாது. ஒப்புமைக்கு அடிப்படை சொல்லப்பட வேண்டும் என்னும் அந்த ஒழுங்கு இங்கும் பயன்படும் என்பதே கருத்து. வரைபடத்திலுள்ள நீர் உறையின் வடிவம் வார்ப்பில் உண்மையாகவே வந்துள்ளதா என்பது மெய் பற்றிய வினா. சிவப்பு முதல் நீலம் வரை விரியும் வண்ணப் படங்கள் உரு பற்றியவை. அவ்வண்ண அளவுகோலைத் தேர்ந்தவர் கணக்கிட்டவரே என்பதால் அவற்றுக்குச் சான்றாகும் வலிமை குறைவு. மொத்த வெப்பம் பயன் பற்றியது. நீர் எங்கு விரைகிறது, எங்குத் தேங்குகிறது என்பது வினை பற்றியது. பயன் ஒத்திருக்க வினை மாறுபடலாம் என்பதே மேற்கண்ட கணக்குகள் காட்டும் உண்மை. வினையைச் சரிபார்க்கச் சுவரின் உள்ளே பல இடங்களில் வெப்ப இரட்டைகளைப் பதித்தோ, வெப்பநிலைக்கேற்ப நிறம் மாறும் பூச்சைப் பயன்படுத்தியோ அளந்தாக வேண்டும்.

போன்மம், பாவனை ஆகிய சொற்களும் இப்பொருளில் கையாளப்படுகின்றன. பாவனை என்பது இலங்கைத் தமிழில் பயன்பாடு என்னும் பொருளில் வழங்குவதால் மயக்கம் தரும். போன்மம் ‘போல்’ என்னும் அடியை ஏற்றிருப்பதால் கருத்துக்கு நெருங்கியது. ஆயினும் வழக்கில் வேரூன்றவில்லை. உருவகப்படுத்தல் என்பதை இனி விலக்குவது கடினம். அதை ஆளும் கட்டுரையாளர் ஒப்புமையின் அடிப்படையையும் உடன் கூறுவது நடைமுறைக்கு உகந்தது.

வெப்பச்சலனம் என்னும் தமிழ்நாட்டு வழக்குக்கு இலங்கையில் மேற்காவுகை என்னும் சொல் உண்டு. காவுதல் சுமந்து செல்லுதலைக் குறிப்பதால், பாய்மம் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது என்னும் கருத்து அதில் வெளிப்படை. ஆனால் ‘மேல்’ என்னும் முன்னடை, பம்பினால் கிடைமட்டமாகச் செலுத்தப்படும் நீருக்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழக்கூடும். சலனம் என்பதில் அந்த ஐயமில்லை; சுமக்கும் கருத்தும் இல்லை. இரு வழக்குகளையும் அறிந்து எழுதுவது இரு நிலத்து மாணவர்க்கும் பயன்தரும்.

முடிவுரை

நீர் உறை கொண்ட வெளியேற்றுக் குழாயில் மொத்த வெப்பத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாயுப் பக்கம். ஆவியும் தேக்கமும் படிவும் நேரும் இடங்களில் சுவரின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது நீர்ப் பக்கம். முன்னது சரியாகக் கணிக்கப்பட்டதைக் கொண்டு பின்னதும் சரியெனக் கொள்வது பிழை. உருவகப்படுத்தலின் முடிவை வெளியிடும்போது, வெப்பத்திற்கான ஒப்பீட்டையும் வெப்பநிலைக்கான ஒப்பீட்டையும் தனித்தனியே தருவதும், துடிப்பின் சராசரி எவ்வாறு எடுக்கப்பட்டது, கொதிப்பு கருதப்பட்டதா என்பவற்றைக் குறிப்பதும் வேண்டும்.

வெப்பம், வெப்பநிலை என்னும் இணை தமிழில் புதிதாக ஆக்கப்பட வேண்டியதன்று. பள்ளி நூல்களில் நெடுங்காலமாக உள்ளது. உயர்நிலை ஆய்வுரைகளிலும் பொறியியல் மொழிபெயர்ப்புகளிலும் அதைத் தவறாமல் பிரித்தாள்வதே தேவை. எஞ்சின் அறையில் விரிசல் விட்ட குழாயொன்றின் முன் நிற்கும் பொறியாளர் தேடும் விடை, வெப்பம் எவ்வளவு என்பதில் இராது. எந்த இடத்தில் வெப்பநிலை எவ்வளவு என்பதிலேயே இருக்கும்.